விலை போடாத சீட்டு: பூ மண்டிக் கணக்கு புரோகிராமில் 'நல்' சரிசெய்தது

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. விவசாயிகளின் வாரக் கணக்கை அச்சடிக்கும் புரோகிராம் பாதியில் நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். சி ஷார்ப் மொழியில் எழுதிய பழைய விண்டோஸ் ஃபார்ம்ஸ் புரோகிராம், பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸ். எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். சோர்ஸ் கோடு மட்டும் ஒரு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது, அதுவே பெரிய விஷயம். பிழைச்செய்தி இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் பார்த்ததுதான்: டேட்டா 'நல்' ஆக இருக்கிறது, அதன் மேல் இந்த மெத்தடை அழைக்க முடியாது. 'நல்' (null) என்றால் அந்த இடத்தில் மதிப்பே எழுதப்படவில்லை என்ற குறி; மெத்தட் என்றால் கோடில் பெயர் சொல்லி அழைக்கிற ஒரு வேலை.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கிற வைத்தியம், காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மேலே போவது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தக் கடையில் அது ஏன் செல்லாது என்று புரிய, அங்கே ஒரு சீட்டு எப்படி விழுகிறது என்று தெரிய வேண்டும்.

அதிகாலையில் உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பூ மூட்டை வந்து இறங்கும். இறங்கியதும் எடை. மொட்டு விரிவதற்குள் கை மாறியாக வேண்டும் என்பதால் எடையைத் தள்ளிப்போட வழியில்லை. அந்த நிமிடமே சீட்டு விழுந்துவிடும்: விவசாயி, பூ வகை, எடை, கழிவு. விலை மட்டும் இருக்காது. வியாபாரிகள் வந்து, வரத்தைப் பார்த்து, முகூர்த்த நாளா வெறும் நாளா என்று யோசித்துப் பேசி முடித்த பிறகுதான் விலை. விடியும்போது ஒரு ரேட்டு, ஒன்பது மணிக்கு வேறு ரேட்டு. மார்கழிப் பனியில் வரத்து சுருங்கி மல்லி கிலோ ஆயிரங்களில் போகும்; கோடையில் அதே மல்லி சில நூறுகளுக்கு இறங்கிவிடும். ஆகவே சீட்டு முந்தி, விலை பிந்தி. பெரும்பாலான சீட்டுகளுக்கு அன்றைக்கே விலை ஏறிவிடும். சிலது கணக்குப்பிள்ளையின் நோட்டில் தங்கி மறுநாள் ஏறும். சிலது மறந்தே போகும்.

டேபிளை வடிவமைத்தவர் இதைத் தெரிந்துதான் விலை ஃபீல்டில் 'நல்' அனுமதித்திருக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறெல்லாம் அதைப் படிக்கிற கோடில்.

பழைய ஒட்டுகள்

கடையின் டேட்டாபேஸை பேக்கப் எடுத்து என் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்துவிட்டு சோர்ஸ் கோடைத் திறந்தேன். ஒரே விலை ஃபீல்டை நான்கு இடங்களில் நான்கு விதமாகப் படித்திருந்தார்கள்.

வாரக் கணக்குத் திரை, டேட்டாபேஸிலிருந்து வரிசை வரிசையாகப் படித்துத் தரும் டேட்டா ரீடரின் கெட்டெசிமல் மெத்தடை நேராக அழைத்தது. 'நல்' வந்தால் அது எக்செப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) எறியும். நின்றுபோனது இதுதான்.

தினசரி வரவுத் திரை, டேட்டாபேஸிடம் கேட்கிற குவெரியிலேயே, காலி என்றால் வேறு மதிப்பு தரும் இஸ்நல் போட்டு விலையைப் பூஜ்யமாக மாற்றிவிட்டது. நிற்காது.

பட்டுவாடா ரசீது, ரீடர் கொடுத்ததை டுஸ்ட்ரிங் செய்து (ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வரிசையாக மாற்றி), காலி ஸ்ட்ரிங்காக இருந்தால் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டது. இதுவும் நிற்காது.

நான்காவது இடம்தான் வேடிக்கை. ரீடரிடம் விலையை வாங்கி, அது 'நல்' என்பதற்குச் சமமா என்று ஒரு இஃப் போட்டிருந்தார்கள். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இஃப் ஒருநாளும் உள்ளே போகாது. சி ஷார்ப் ஓடுகிற தளமான டாட்நெட்டில் டேட்டாபேஸின் 'நல்' வேறு, சி ஷார்ப் மொழியின் 'நல்' வேறு. காலி ஃபீல்டை அடைப்புக்குறிக்குள் பெயர் சொல்லிக் கேட்டால் ரீடர் தருவது டிபிநல் என்ற ஆப்ஜெக்ட். அது முழுசாக ஓர் ஆப்ஜெக்ட் என்பதால் 'நல்' உடன் ஒப்பிட்டால் சமம் ஆகாது. டுஸ்ட்ரிங் போட்டால் சத்தமில்லாமல் காலி ஸ்ட்ரிங் தரும். கன்வெர்ட் வகுப்பின் டுடெசிமலுக்குக் கொடுத்தால் இன்வேலிட் காஸ்ட் எக்செப்ஷன் வரும். அந்த நான்காவது இடம் யாரும் அதிகம் திறக்காத ஒரு ரிப்போர்ட், அதனால் இவ்வளவு நாள் தப்பித்திருக்கிறது.

ஆக ஒரே சீட்டு, ஒரு திரையில் புரோகிராமையே நிறுத்துகிறது, இன்னொரு திரையில் பூஜ்ய ரூபாயாகத் தெரிகிறது. பூஜ்யம் அச்சான ரசீது ஏற்கெனவே ஒரு சண்டையைக் கிளப்பியிருந்தது. நான்கு கிலோ மல்லி போட்டவர் கையில், விலைக்கு நேரே பூஜ்யம் என்று இருக்கிற தாளைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? கடைக்காரர்களின் கோபமெல்லாம் நின்றுபோகிற திரை மேல். எனக்கு அந்த நான்கில் நாணயமானது அதுதான் என்று பட்டது. விலை தெரியாதபோது விலை இருப்பதாகப் பாவனை செய்யாதது அது ஒன்றுதான்.

இன்னொரு சிக்கல், இந்தக் கடையில் பூஜ்யம் என்பதும் ஒரு நிஜ விலை. வரத்து தாறுமாறாகக் கூடிய நாளில் சம்பங்கியை வாங்க ஆள் இருக்காது, கொட்டிவிடுவார்கள். அந்தச் சீட்டுக்குக் கணக்குப்பிள்ளை கையாலேயே பூஜ்யம் என்று அடிக்கிறார். விலை பேசி முடிந்தது, ஒன்றும் தேறவில்லை என்று அர்த்தம். 'நல்' என்பதையும் பூஜ்யம் ஆக்கிவிட்டால் இந்த இரண்டையும் பிரிக்க அப்புறம் எந்த வழியும் இல்லை.

ஒவ்வொரு ஃபீல்டாகக் கேட்டது

கோடில் கை வைக்கும் முன் எந்தெந்த ஃபீல்டில் எவ்வளவு காலி இருக்கிறது என்று பார்த்தேன். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. குவெரி எழுதும் எஸ்க்யூஎல் மொழியில் கவுன்ட் நட்சத்திரம், அதாவது COUNT(*), எல்லா வரிசைகளையும் எண்ணும். கவுன்ட்டுக்குள் ஃபீல்டு பெயரைக் கொடுத்தால் 'நல்' இல்லாதவற்றை மட்டும் எண்ணும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அந்த ஃபீல்டில் இருக்கிற 'நல்' எண்ணிக்கை. ஒரே குவெரியில் எல்லா ஃபீல்டுக்கும் வரிசையாகப் போட்டுவிடலாம். ஐந்து ஃபீல்டுகளில் காலி இருந்தது. அந்தப் பட்டியலோடு கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயா, விலை காலியா இருந்தா என்ன அர்த்தம்?"

"இன்னும் ரேட்டு போடல தம்பி."

"கழிவு காலியா இருந்தா?"

"கழிவே இல்ல. சுத்தமான பூவு."

"வாங்கினவர் காலியா இருந்தா?"

"அது சில்லறைக்குப் போனது. காசு அப்பவே கல்லாவுல விழுந்துருச்சு."

"வாரப் பிடித்தம்?"

"அவரு நம்மகிட்ட முன்பணமே வாங்காதவரு. அவருக்குப் பிடித்தம்ங்கிற பேச்சே கிடையாது."

"போன் நம்பர்?"

"அதெல்லாம் அவருகிட்ட இருக்கும். யாரும் கேட்டு எழுதல."

ஐந்து கேள்வி, ஐந்து விதமான பதில். விலை இனிமேல்தான் வரும். கழிவு உண்மையில் பூஜ்யம். வாங்கியவர் என்று ஒருவரே இல்லை. பிடித்தம் அந்த ஆளுக்குப் பொருந்தாது. போன் இருக்கிறது, நமக்குத் தெரியாது. டேட்டாபேஸில் ஐந்தும் ஒரே 'நல்'. டேட்டாவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியை 1970-இல் முன்வைத்த எட்கர் காட், 1985-இல் வெளியிட்ட விதிகளில் மூன்றாவதாக, 'நல்' என்பதைப் பூஜ்யத்திலிருந்தும் காலி ஸ்ட்ரிங்கிலிருந்தும் வேறாக, முறையாக நடத்த வேண்டும் என்றார். பிற்பாடு, ஒரு 'நல்' போதாது, 'பொருந்தும் ஆனால் தெரியாது' என்பதற்கு ஒரு குறியும் 'பொருந்தவே பொருந்தாது' என்பதற்கு வேறொரு குறியும் வேண்டும் என்று வாதிட்டார். எஸ்க்யூஎல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குப்பிள்ளையின் பதில்களைக் கேட்டபோது காட் கேட்டது ஒன்றும் அதிகமில்லை என்றுதான் தோன்றியது, ஆனால் கிடைத்த ஒன்றை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

முதலில் கழிவு. அர்த்தம் பூஜ்யம் என்றால் டேபிளிலேயே பூஜ்யம் இருக்கட்டும். காலியாக இருந்தவற்றைப் பூஜ்யமாக அப்டேட் செய்து, ஃபீல்டை நாட் நல் (காலி விடக் கூடாது) ஆக்கி, ஒன்றும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் டிஃபால்ட் மதிப்பாகப் பூஜ்யம் வைத்தேன். வரிசை முக்கியம்: 'நல்' மிச்சம் இருக்கும்போது நாட் நல் ஆக மாற்றப் போனால் சர்வர் மறுத்துவிடும். டிஃபால்ட்டை நம்பி இருக்கவும் கூடாது. புது வரிசை சேர்க்கும் இன்செர்ட் கட்டளையில் அந்த ஃபீல்டைச் சொல்லாமல் விட்டால்தான் டிஃபால்ட் வேலை செய்யும். வெளிப்படையாக 'நல்' கொடுத்தால் டிஃபால்ட் தலையிடாது, நாட் நல்தான் தடுக்க வேண்டும்.

விலைக்கு 'நல்' அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, விலை பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் மட்டும் சேர்த்தேன். செக் விதி பொய்யானால்தான் சர்வர் தடுக்கும். 'நல்' வந்தால் விதி மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது, ஆகவே உள்ளே விட்டுவிடும். மற்ற மூன்று ஃபீல்டுகளிலும் 'நல்' அப்படியே தொடர்ந்தது.

படிக்கிற இடம்

ரீடரிலிருந்து படிக்க ஒரு சின்ன உதவி மெத்தட் எழுதினேன். ரீடரையும் ஃபீல்டின் இட எண்ணையும் வாங்கிக்கொள்ளும். இஸ்டிபிநல் போட்டுப் பார்க்கும். ஆம் என்றால் மொழியின் 'நல்' திருப்பும், இல்லை என்றால் கெட்டெசிமல் செய்து திருப்பும். திருப்பும் வகை, கேள்விக்குறி சேர்த்த டெசிமல், அதாவது 'நல்' ஆகவும் இருக்கக்கூடிய தசம எண். இந்த வசதி சி ஷார்ப்பில் 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, பழைய புரோகிராம் என்பது சாக்கில்லை. ஸ்ட்ரிங்குக்கும் முழு எண்ணுக்கும் தேதிக்கும் இதே போல ஒவ்வொன்று. ஃபீல்டு பெயரிலிருந்து இட எண்ணைக் கண்டுபிடிக்கும் கெட்ஆர்டினலை லூப்புக்கு வெளியே ஒரு தடவை அழைத்து வைத்துக்கொண்டால் போதும், வரிசைக்கு வரிசை தேட வேண்டாம்.

'காலியாக இருந்தால் பூஜ்யம்' என்று திருப்புகிற மெத்தடை வேண்டுமென்றே எழுதவில்லை. அப்படி ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் அடுத்து வருகிறவர் விலைக்கும் அதைத்தான் அழைப்பார். பூஜ்யம் வேண்டிய இடத்தில் 'நல்' என்றால் இதை எடு என்று சொல்லும் இரட்டைக் கேள்விக்குறி போட்டு அங்கேயே கண்ணுக்குத் தெரியும்படி எழுதிக்கொள்ளட்டும்.

இதைச் செய்ததும், கோடைச் சரிபார்த்து ஓடும் வடிவத்துக்கு மாற்றுகிற கம்பைலர் பல இடங்களில் சிவப்புக் கோடு போட ஆரம்பித்தது. எனக்கு அதுதான் வேண்டும். விலை இல்லாமல் இருக்கலாம் என்பதை ஒவ்வொரு திரையும் இனி ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் கம்பைலர் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. எடையை விலையால் பெருக்கினால், விலை 'நல்' என்றால் விடையும் 'நல்', இது நல்லது. ஒப்பீட்டில்தான் பொறி. விலை நூறுக்குக் கீழா என்று கேட்டால், 'நல்' இருக்கும்போது பதில் பொய். நூறும் அதற்கு மேலுமா என்று கேட்டாலும் பொய். பழைய கோடில் 'நூறுக்குக் கீழ் என்றால் சிவப்பு எழுத்து, எல்ஸ் (மற்றபடி) என்றால் கறுப்பு எழுத்து' என்று ஒரு இடம் இருந்தது. விலை போடாத சீட்டெல்லாம் எல்ஸ் பக்கம் போய், நல்ல விலைக்கு விற்றவை மாதிரி கறுப்பில் நின்றன. அங்கே மூன்றாவது கிளை ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது.

வேறு மொழிகளில் இதே இடம் வேறு விதமாக நடக்கும். ஜாவாவில் ரிசல்ட் செட்டின் கெட்இன்ட், 'நல்' வந்தால் எதுவும் சொல்லாமல் பூஜ்யம் திருப்பும். வாஸ்நல் என்று அடுத்த வரியில் கேட்டால்தான் உண்மை வரும், கேட்க மறந்தால் அவ்வளவுதான். கோ மொழி, சாதாரண இன்ட்டுக்குள் 'நல்' என்பதை ஸ்கேன் செய்ய மறுத்து எரர் தரும். பைத்தானில் அதன் 'நல்' ஆன நன் (None) வரும், அதோடு எண்ணைக் கூட்டினால் டைப் எரர். நான் ஜாவாவிலும் வேலை பார்த்திருக்கிறேன். பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டு நம்மைக் கேட்கச் சொல்வதைவிட முகத்தில் எக்செப்ஷனை எறிவதே மேல்.

கூட்டலில் ஒளிந்திருந்தது

நின்றுபோகிற பிழை சரியானதும் வேலை முடிந்தது என்று கடைக்காரர் நினைத்தார். உண்மையில் மோசமான தவறு ஒருபோதும் நின்று காட்டாத ஒரு ரிப்போர்ட்டில் இருந்தது: வாரச் சராசரி விலை. எடையையும் விலையையும் பெருக்கிக் கூட்டிய தொகையை, மொத்த எடையால் வகுக்கிறார்கள். எஸ்க்யூஎல்லின் சம் (கூட்டல்), 'நல்' வந்தால் அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கூட்டும். விலை இல்லாத சீட்டின் தொகை கூட்டலில் சேராது. அதன் எடை மட்டும் சேர்ந்துவிடும்.

ஒருவர் 3 கிலோ மல்லி 800 ரூபாய் ரேட்டுக்குப் போட்டிருக்கிறார், இன்னும் 2 கிலோவுக்கு விலை போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். தொகை 2400. எடை 5 கிலோ. சராசரி 480 என்று ரிப்போர்ட் சொல்லும். அந்த வாரம் யாருமே 480-க்கு மல்லி விற்கவில்லை. இந்த எண்ணைக் காட்டித்தான் பக்கத்துக் கடையைவிட நம் கடையில் ரேட்டு குறைவு என்று யாரோ பேசிக்கொண்டு போயிருக்கிறார். இஸ்நல் போட்டுப் பூஜ்யமாக்கினாலும் அதே 480-தான் வரும். ஏவரேஜ் ஃபங்ஷனுக்குத் தாவலாமா என்றால் அது எடையைப் பார்க்காது, ஒரு கிலோ சீட்டும் பத்து கிலோ சீட்டும் அதற்கு ஒன்றுதான். தீர்வு எளிது: வகுக்கும் எடையிலும் விலை போட்ட சீட்டுகளின் எடையை மட்டும் எடுப்பது. அதன் பக்கத்தில் இன்னும் எத்தனை கிலோவுக்கு விலை நிலுவை என்று தனியாக ஒரு எண்.

சம் இன்னொரு இடத்திலும் கடித்தது. புதிதாகச் சேர்ந்த விவசாயியின் பக்கத்தைத் திறந்தால் எக்செப்ஷன். முன்பண டேபிளில் அவர் பெயரில் ஒரு வரிசையும் இல்லை. வரிசையே இல்லாதபோது கவுன்ட் பூஜ்யம் தரும், ஆனால் சம் 'நல்' தரும். ஒற்றை விடையை மட்டும் வாங்கித் தரும் எக்ஸிகியூட் ஸ்கேலார் அதை டிபிநல் ஆகக் கொண்டுவர, கோடு அதை நேராக டெசிமல் என்று காஸ்ட் செய்யப் பார்த்தது. இதே எக்ஸிகியூட் ஸ்கேலார், குவெரி ஒரு வரிசையும் தராவிட்டால் மொழியின் 'நல்' தரும். ஆகவே அங்கே இரண்டையும் சோதிக்க வேண்டும். அதைவிட, கூட்டலுக்கு வெளியே, இஸ்நல் போலவே காலிக்குப் பதில் மதிப்பு தரும் கோலெஸ் போட்டுப் பூஜ்யம் என்று குவெரியிலேயே எழுதிவிடுவது சுத்தம். முன்பணம் வாங்கவே இல்லை என்றால் அவர் தர வேண்டியது நிஜமாகவே பூஜ்யம். விலையில் பொய்யாக இருந்த அதே பூஜ்யம் இங்கே மெய். குழப்பத்தைக் கூட்ட, சி ஷார்ப்பின் லிங்க் (LINQ) என்ற பட்டியல் வசதியில் இருக்கிற சம் காலிப் பட்டியலுக்குப் பூஜ்யம்தான் தரும். ஒரே பெயர், இரண்டு குணம். கூட்டலைக் குவெரியிலிருந்து கோடுக்கோ, கோடிலிருந்து குவெரிக்கோ மாற்றுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

மிச்சம் மீதி

வாங்கியவர் பெயரைப் படிக்கும் இடத்திலும் எக்செப்ஷன் வந்தது. வியாபாரி டேபிளில் பெயர் நாட் நல், அப்படியிருந்தும். காரணம் லெஃப்ட் ஜாயின், அதாவது ஜோடி கிடைக்காத சீட்டையும் விடாமல் இரண்டு டேபிளைச் சேர்ப்பது. சில்லறைக்குப் போன சீட்டுக்கு வியாபாரி வரிசையே கிடையாது என்பதால், அந்தப் பக்கத்து ஃபீல்டுகள் எல்லாம் 'நல்' ஆகத்தான் வரும். டேபிளின் விதி டேபிளுக்குத்தான், குவெரியின் விடைக்கு அல்ல. இங்கே பெயர் இல்லாவிட்டால் 'சில்லறை' என்று காட்டச் சொன்னேன். கணக்குப்பிள்ளை சொன்ன அர்த்தமும் அதுதானே.

அதே ஃபீல்டால் இன்னொரு கூத்து. 'இந்த வாரம் நம்மிடம் பூ எடுக்காத வியாபாரிகள்' என்று ஒரு ரிப்போர்ட் உண்டு. எப்போது திறந்தாலும் காலியாகவே இருக்கும். முதலாளி அதைப் பார்த்து, எல்லாரும் வாராவாரம் வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்! குவெரியில் நாட் இன் ('இந்தப் பட்டியலில் இல்லாதவர்') இருந்தது. உள்ளே இருக்கும் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' இருந்தாலும் போதும், நாட் இன் யாரையும் தேற விடாது. ஒரு வியாபாரியின் எண் அந்தத் தெரியாத மதிப்புக்குச் சமமா இல்லையா என்று சர்வரால் சொல்ல முடியாது, ஆகவே அவரைச் சேர்க்காது. சில்லறைச் சீட்டு இல்லாத வாரமே கிடையாது, அதனால் பட்டியலும் எப்போதும் காலி. நாட் எக்ஸிஸ்ட்ஸ் ('இவருக்குச் சீட்டே இல்லை') ஆக மாற்றியதும் பெயர்கள் வந்தன. முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவனுமா?" என்றார்.

போன் நம்பரில் நடந்தது தமிழில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வாய்க்கிற சங்கதி. நம்பர் காலியாக இருந்தால் 'கைபேசி எண் இல்லை' என்று தமிழில் காட்ட, யாரோ குவெரியில் இஸ்நல் போட்டிருந்தார்கள். தமிழ் எழுத்துக்கு முன்னால் போட வேண்டிய N என்ற ஆங்கில எழுத்தும் சரியாகவே இருந்தது. ஆனால் திரையில் வந்ததெல்லாம் கேள்விக்குறி, அதுவும் பாதியில் வெட்டி. இஸ்நல், விடையின் வகையை முதல் மதிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். போன் ஃபீல்டு பத்து எழுத்து வார்சார், இங்கே தமிழ் எழுத்தை ஏற்காத வகை. ஆகவே தமிழ் வாக்கியத்தைப் பத்து எழுத்து வார்சாருக்குள் திணித்து, தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி வைத்துவிட்டது. கோலெஸ், இரண்டில் முன்னுரிமை கூடிய வகையை எடுக்கும். வார்சாரைவிட, தமிழையும் ஏற்கும் என்வார்சார் மேலே என்பதால் தமிழ் தமிழாகவே வந்தது. இருந்தாலும் அந்த வாக்கியத்தைக் குவெரியிலிருந்து எடுத்துவிட்டு, காட்டும் திரையில் போட்டுவிட்டேன். திரையில் என்ன எழுத வேண்டும் என்பது குவெரியின் வேலை இல்லை என்பது என் கட்சி.

எழுதும் பக்கமும் கொஞ்சம். விலை இன்னும் வராத சீட்டைச் சேமிக்கும்போது கட்டளைக்குள் மதிப்பைக் கொண்டுபோகும் பாராமீட்டருக்கு மொழியின் 'நல்' கொடுத்தால், பாராமீட்டர் தரப்படவே இல்லை என்று சர்வர் சொல்லும். டிபிநல்தான் கொடுக்க வேண்டும். படிக்க ஒரு உதவி மெத்தட் இருப்பதுபோல எழுதவும் ஒன்று போட்டு, பழைய கோடில் விலைப் பெட்டி காலியாக இருந்தால் பூஜ்யம் சேமித்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். அந்த வரியால் ஏற்கெனவே போய் உட்கார்ந்த பூஜ்யங்களில் எது கொட்டிய பூ, எது விலை போடாத பூ என்று டேட்டாபேஸைப் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்குப்பிள்ளையின் நோட்டுதான் சொன்னது. மல்லியும் பிச்சியும் பூஜ்யத்தில் இருந்தால் சந்தேகம், சம்பங்கி என்றால் நோட்டைப் பார் என்று அவரே ஒரு வழி வைத்துக்கொண்டு, பல நாள் மதியம் உட்கார்ந்து திருத்தினார்.

என்ன அச்சடிப்பது என்பதில்தான் முதலாளியோடு வாக்குவாதம். விலை இல்லாத சீட்டுக்கு நேரே 'விலை நிலுவை' என்று போட்டுவிடலாம் என்றேன்.

"நிலுவைன்னு தாள்ல போட்டா, ஏன் இன்னும் போடலன்னு கேப்பாங்க தம்பி. அந்த வரியையே காட்டாம விட்டுரலாமே."

"காட்டலைன்னா எடை குறையும்ண்ணே. போட்ட எடையை அவங்க மறக்க மாட்டாங்க."

அது அவருக்குச் சரி என்று பட்டது. ஒரு நிபந்தனை வைத்தார்: நிலுவைச் சீட்டுக்காக மொத்தப் பட்டுவாடாவும் நிற்கக் கூடாது. விலை போட்டவற்றுக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும், மற்றவை அடுத்த வாரத்துக்குப் போக வேண்டும். அதற்காகப் பட்டுவாடாவைத் தேதி வாரியாக இல்லாமல் சீட்டு வாரியாகக் குறிக்கும்படி மாற்றினேன். வேலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அதுதான் அவர்கள் நோட்டில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த முறை.

சோதிக்க, காப்பி டேட்டாபேஸில் சில பொய் விவசாயிகளை உருவாக்கினேன். விலை உள்ள சீட்டு, பூஜ்ய விலைச் சீட்டு, விலை இல்லாத சீட்டு, சில்லறைக்குப் போனது, கழிவு உள்ளது, இல்லாதது. முன்பணம் வாங்கியவராக ஒரு ஆள், வாங்காதவராக ஒரு ஆள், ஒரு சீட்டும் இல்லாத ஆள் ஒருவர். இவர்களை வைத்து எல்லாத் திரையையும் ஒரு சுற்று ஓட்டினால் போதும். உண்மையான டேட்டாவில் இந்தக் கலவைகள் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும் என்று காத்திருக்க முடியாது.

கடைசியாக ஒரு திரை கேட்டார்கள்: விலை நிலுவையில் இருக்கும் சீட்டுகளின் பட்டியல். விலை ஈக்வல் 'நல்' என்று எழுதினால் எதுவும் வராது, இஸ் நல் என்றுதான் எழுத வேண்டும். இது பள்ளிப் பாடம், ஆனால் பழைய கோடில் ஒரு இடத்தில் ஈக்வல் இருந்தது. பட்டியலில் பழைய சீட்டு மேலே, புதியது கீழே. மூன்று நாள் தாண்டியவை சிவப்பில். இப்போது மதியம் கடை ஓய்ந்ததும் கணக்குப்பிள்ளை இதைப் பிரிண்ட் எடுத்து எடைப் பையன்களிடம் கொடுத்துவிடுகிறார், யாரிடம் போனது, என்ன ரேட்டு என்று எழுதி வாங்கிய பிறகுதான் அவர்களை வீட்டுக்கு விடுகிறார்.